ரெண்டு மழைக்கு நடுவுல இருபது நாள்



ஒரு ஹேக்கத்தானுக்காக நானும் என் டீமும் சேர்ந்து மண் ஈரப்பத சென்சார் ஒண்ணு செஞ்சோம். வயல்ல குத்தி வச்சா போதும், ஈரம் குறைஞ்சதும் போனுக்கு மெசேஜ் வந்துடும். நல்லாவே வேலை செஞ்சது. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்ப அதை எங்க பெரியப்பாகிட்ட பெருமையா எடுத்துக் காட்டினேன். அவர் முதுகுளத்தூர் பக்கம் ரெண்டு ஏக்கர்ல நெல் போடுறவர். சென்சாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஈரம் இல்லைங்கிறது எனக்குக் காலை வச்சாலே தெரியும்ய்யா. தெரிஞ்சு என்ன செய்ய? ஊத்துறதுக்குத் தண்ணி எங்க இருக்கு?"

என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடினதுல கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. பருவநிலை மாற்றம்னதும் நம்ம மனசுல வர்றது உருகுற பனிமலையும் துருவக் கரடியும். ஆனா அது நம்ம ராமநாதபுரத்துச் சிறு விவசாயி வீட்டுக்குள்ள எப்படி வருது? அதைத் தாங்கி நிற்க அந்த வீட்டுக்கு உண்மையில என்ன வேணும்? வாங்க, பார்க்கலாம்.

மழை குறைவா, இல்ல கணக்கு தப்பா?

முதல்ல ஒரு குட்டிக் கேள்வி. லண்டன்ல மழை அதிகமா, ராமநாதபுரத்துல அதிகமா?

லண்டன்ல வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர். நம்ம மாவட்டத்தோட சராசரி 820 மில்லிமீட்டருக்குப் பக்கத்துல! ஆச்சரியமா இருக்குல்ல? ஆனா அங்கே அந்த மழை வருஷம் முழுக்கப் பிரிஞ்சு விழுது. இங்கே ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்குமான மூணு மாசத்துல கொட்டிடுது. அந்த மூணு மாசத்துலயும் உண்மையில மழை பெய்யுற நாட்கள் கொஞ்சம்தான். மிச்ச நாளெல்லாம் வெயில்தான்.

காற்றோட வெப்பநிலை ஒரு டிகிரி கூடினா, அது தாங்குற நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். தெர்மோடைனமிக்ஸ் படிச்சவங்களுக்கு கிளாசியஸ்–கிளாபிரான் சமன்பாடு ஞாபகம் வரும். இதனால என்ன ஆகும்? பெய்யும்போது ஒரேயடியாப் பெய்யும். பெய்யாத இடைவெளி நீளும்.

ரெண்டு உதாரணம் சொல்றேன். 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க இயல்பைவிட 62 சதவீதம் குறைஞ்சது. ராமநாதபுரத்துல போட்ட நெல் கருகிப்போச்சு. இதுக்கு நேர் எதிரா, 2024 நவம்பர் 20 அன்னைக்கு ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டியது. ஒரு வருஷத்துக்கான சராசரியில பாதி, ஒரே நாள்ல! பாம்பன், தங்கச்சிமடம் பக்கமும் இதே கதைதான்.

காலம் தப்பிப் பெய்யுறது இன்னொரு தொல்லை. 2021 ஜனவரியில, அறுவடைக்கு நின்ன நெல் மேலயும் காய் பிடிச்சிருந்த மிளகாய்ச் செடி மேலயும் மழை கொட்டினதை நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னும் மறக்கலை.

ஆக, "மழை இல்லை" என்பது பாதி உண்மைதான். வர்ற மழை எப்போ வரும்னு முன்னைப் போலக் கணிக்க முடியல, வந்தாலும் பிடிச்சு வைக்க இடமில்லை. நம்ம பிரச்சினையே இதுதான்.

இருபது நாள்ல ஒரு வீடு எப்படிச் சரியுது?

எங்க ஊர்ப் பக்கம் நெல்லுக்கு நாத்து விட்டு நடுறது குறைவு. ஆவணி கடைசி, புரட்டாசி வாக்குல காஞ்ச நிலத்தை உழுது, புழுதியிலேயே விதையைத் தூவிடுவாங்க. இதுக்குப் பேர் புழுதி விதைப்பு. முதல் மழையில விதை முளைக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில கண்மாய் பெருகி, பயிர் அந்தத் தண்ணியைக் குடிச்சு வளரும். தை மாசம் அறுப்பு.

இப்போ ஒரு ரெண்டு ஏக்கர் குடும்பத்தை எடுத்துக்குங்க. முதல் மழை பெஞ்சு விதை முளைச்சாச்சு. அடுத்த மழை இருபது நாள் தள்ளிப் போகுது. முளைச்சது கருகுது. திரும்ப விதை, திரும்ப உழவு. அதுக்குத் தோடு அடகுக் கடைக்குப் போகுது. ரெண்டாவது விதைப்பு பிழைச்சு, கதிர் வர்ற நேரத்துல இன்னொரு இருபது நாள் மழை இல்லை. நெல்லுக்குப் பூக்குற சமயத்துல தண்ணி இல்லைன்னா மணி பிடிக்காது, எல்லாம் பதராப் போகும். வைக்கோல் மட்டும் மிஞ்சும். அடுத்து ஆட்டை விக்கணும். அதுக்கும் அடுத்து வீட்டுல ஒருத்தர் சென்னைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறணும். சில வீடுகள்ல பொண்ணோட படிப்பு நிக்கும்.

கவனிச்சுப் பாருங்க. ஒரு பருவம் விளைச்சல் போனா அடுத்த பருவம் எடுத்துடலாம். ஆனா நகை, ஆடு, படிப்புன்னு இருக்கிற பிடிமானம் ஒவ்வொண்ணா கையைவிட்டுப் போயிட்டா, அடுத்த வருஷம் நல்ல மழை பெஞ்சாலும் எழுந்திருக்க முடியாது. 'தாங்குதிறன்' அப்படின்னு அறிக்கைகள்ல எழுதுறாங்களே, அதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன்: அந்த இருபது நாளை, கையில இருக்கிற எதையும் விக்காம கடக்க முடியுறது. அதுக்கு நாலு ஊன்றுகோல் இருக்கு. தண்ணி, விதை, வேற வருமானம், காப்பீடு.

முதல் ஊன்றுகோல்: தண்ணி

வைகை கடலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ராமநாதபுரம் பெரிய கண்மாயில வந்து முடிஞ்சிடுதுன்னு சொல்வாங்க. ஆத்துத் தண்ணியில ஒரு சொட்டைக்கூட வீணாக்காம, கண்மாய் கண்மாயாத் தேக்கி வச்ச பூமி இது. மேல் கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா வழிஞ்சு கீழ்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சா அடுத்ததுக்கு. வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு இந்த நாலும் சரியா இருந்தா, ஒரே நாள்ல கொட்டுற பேய்மழையைக்கூட இந்தச் சங்கிலி வாங்கி வச்சுக்கும். நம்ம பாஷையில சொல்லணும்னா, மோட்டாரே இல்லாத, புவியீர்ப்புல ஓடுற பஃபர் ஸ்டோரேஜ் நெட்வொர்க்!

பழுதும் அந்த நாலுலதான் வருது. வரத்துக்கால் தூர்ந்துபோகும், ஆக்கிரமிப்பு ஆகும். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிப் போகும். 2017-ல சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அதே வருஷம் தமிழக அரசு பழைய குடிமராமத்து முறையைத் திட்டமாத் திரும்பக் கொண்டு வந்தது. மதுரையைத் தலைமையிடமாக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-கள்ல இருந்தே 'வயலகம்' என்ற பெயர்ல கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாச் சேர்த்து வேலை செய்யுது. இவங்க அனுபவத்துல தெரியுற ஒரு விஷயத்தை நாம குறிச்சுக்கணும். கண்மாயைத் தோண்டிட்டு மட்டும் போயிட்டா கொஞ்ச வருஷத்துல பழையபடி ஆயிடும். மடையைத் திறக்க, தண்ணியைப் பங்கு வைக்க, கரையைப் பார்த்துக்க ஊருக்குள்ள ஆளும் அமைப்பும் இருந்தாத்தான் அது நிலைக்கும்.

சரி, கண்மாய் ஊர்ப்பொது. தனி ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? பண்ணைக்குட்டை வெட்டலாம். இதுக்கு வேளாண் பொறியியல் துறை மூலமா அரசு உதவி இருக்கு. ஆனா, "நிலத்துல கொஞ்சம் போயிடுமே, தேறுமா?"ன்னு எல்லாரும் தயங்குறாங்க. நாம என்ஜினியர்ங்க தானே? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேல் அளவு 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர். பக்கச் சரிவு ஒண்ணுக்கு ஒண்ணரை, அதாவது ஒரு மீட்டர் இறங்க ஒண்ணரை மீட்டர் உள்ளே வரும். அப்போ அடிப்பக்கம் 15.5 மீட்டர். கொள்ளளவு சுமார் 475 கனமீட்டர், அதாவது 4.75 லட்சம் லிட்டர். ஆவியாகுறது, மண்ணுக்குள்ள இறங்குறதுன்னு மூணுல ஒரு பங்கு போயிடும்னு வச்சுக்குவோம். மிச்சம் சுமார் 317 கனமீட்டர்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதுல 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கிற மாதிரி ஒரு தடவை பாய்ச்ச சுமார் 200 கனமீட்டர் வேணும். அப்போ இந்தக் குட்டை, ஒண்ணரை ஏக்கருக்கு ஒரே ஒரு தடவை தண்ணி கொடுக்கும்.

"ஒரே ஒரு தடவையா? அவ்வளவுதானா?"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அந்த ஒரு தடவையைப் பூக்குற நேரத்துல கொடுத்தா, மேல சொன்ன ரெண்டாவது இருபது நாள்ல பெரும்பகுதியைத் தாண்டிடலாம். பதருக்கும் நெல்லுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஒரு தண்ணிதான்.

குட்டை நிறையுமா? ரெண்டு ஏக்கர்ல விழுற மழையில 20 சதவீதம் வழிஞ்சு குட்டைக்கு வந்தா, சுமார் 300 மில்லிமீட்டர் மழைக்கு நிறைஞ்சிடும். பருவத்துல நமக்குக் கிடைக்கிறது சராசரியா அதைவிட அதிகம். இழக்குற நிலம்? 400 சதுர மீட்டர், ரெண்டு ஏக்கர்ல 5 சதவீதம். மிச்ச 95 சதவீதத்துக்கு அந்த 5 சதவீதம் காவல்.

கடலோரத்துல கவனம்!

இந்தக் கணக்கை அப்படியே கடற்கரை மணலுக்குக் கொண்டு போகாதீங்க. மணல்ல தண்ணி நிக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து உப்பு. கடலோரத்துலயும் தீவுலயும் நிலத்தடி நன்னீர், உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கு. கடல் நீரோட அடர்த்தி 1.025, நன்னீர் 1. இந்தச் சின்ன வித்தியாசத்தால, கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நன்னீர் நின்னா கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதுக்குக் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதின்னு பேர். இதைத் தலைகீழாப் படிங்க. மோட்டார் போட்டு மேல் மட்டத்தை அரை மீட்டர் இறக்கினா, காலப்போக்குல உப்பு 20 மீட்டர் மேல ஏறிவரும்.

அதனாலதான் அங்கே ஆழமான போர்வெல் போடப் போட ஆபத்து. ஆழமில்லாத ஊத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிற பழைய பழக்கத்துல அறிவியல் இருக்கு. தங்கச்சிமடம் பக்கத்து மணல்ல மல்லிகை நாற்று வளர்த்து ஊர் ஊரா அனுப்புறாங்களே, அந்தத் தொழிலே இந்த மெல்லிசான நன்னீர்ப் படலத்தை நம்பித்தான் இருக்கு. கடல் மட்டம் உயர உயர அந்தப் படலம் இன்னும் மெலியும்.

ரெண்டாவது: விதை

சீக்கிரம் விளையுற நெல், சீக்கிரம் ஆபத்தைத் தாண்டிடும். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 2009-ல வெளிவந்த 'அண்ணா (ஆர்) 4' ரகத்துக்கு வயசு 100-ல இருந்து 105 நாள். வறட்சியைத் தாங்குற மாதிரி, நம்ம மாதிரி மானாவாரி நிலத்துக்குன்னே உருவாக்கினது. உவர் நிலத்துக்குத் திருச்சியில உருவான 'டிஆர்ஒய்' வரிசை ரகங்கள் இருக்கு. ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கு.

பழைய ரகங்களையும் சும்மா நினைக்காதீங்க. சித்திரைக்கார், நொறுங்கன் எல்லாம் இந்த மண்ணுல பல தலைமுறை வறட்சியைப் பார்த்த நெல்லுங்க. விளைச்சல் கம்மிதான். ஆனா மோசமான வருஷத்துலயும் ஏதாவது கொடுக்கும்.

அதிகம் செலவில்லாத ஒரு வித்தையும் உண்டு: விதையைக் கடினப்படுத்துறது. ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல விதையை ஒரு ராத்திரி ஊறவச்சு, பழைய ஈரப்பதம் வர்ற வரைக்கும் நிழல்ல உலர்த்தி விதைக்கணும். முளைக்கிற வேலையைப் பாதி தொடங்கி நிறுத்தி வச்ச மாதிரி ஆகுறதால, மழை வந்ததும் சட்டுனு முளைக்கும், ஆரம்ப வறட்சியையும் கொஞ்சம் தாங்கும். பத்து லிட்டர் தண்ணிக்கு நூறு கிராம், அவ்வளவுதான்.

மூணாவது: எல்லாத்தையும் ஒரே பயிர்ல வைக்காம இருக்கிறது

ராமநாதபுரத்துக்காரங்க இதுல எப்பவோ பி.எச்டி. முடிச்சவங்க! நெல் ஒரு பக்கம், மேட்டு நிலத்துல குண்டு மிளகாய் ஒரு பக்கம். நம்ம முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. நெல்லைவிடக் குறைஞ்ச தண்ணியில ஓடுற பயிர் அது. ஆனா விலை ஏறி இறங்கும், காயப்போடுற நேரத்துல மழை வந்தாப் பூஞ்சை பிடிச்சுடும். அதனால அது மட்டுமே போதாது.

பனை இருக்கு. மழை பொய்ச்ச வருஷமும் பதநீர் தரும், கருப்பட்டி ஆகும். ஆடு இருக்கு. நம்ம பக்கத்துக் கீதாரிங்க கோடையில கிடையை ஓட்டிக்கிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போய், அறுத்த வயல்ல கிடை போட்டு, மழைக்காலத்துல திரும்பி வருவாங்க. மேய்ச்சல் இருக்கிற இடத்துக்கு வருமானத்தையே நடத்திக் கூட்டிட்டுப் போற உத்தி அது.

இன்னொண்ணு கரிமூட்டம். கண்மாயைக் கெடுக்குதுன்னு நாம திட்டுற அதே சீமைக்கருவேலம்தான், விளையாத வருஷத்துல பல வீட்டுல அடுப்பு எரிய வச்சது. அதை வேரோட எடுக்கணும்னு பேசும்போது, "அப்போ விளையாத வருஷத்துல அவங்க என்ன செய்வாங்க?"ங்கிற கேள்வியையும் சேர்த்துக் கேட்கணும். கண்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும் முதல்ல எடுக்கிறது, பட்டா மேட்டு நிலத்துல இருக்கிறதைக் கரி போடுற குடும்பத்தோட பேசி முடிவு பண்றது, இது என் கருத்து.

நாலாவது: காப்பீடு

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல வந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம், மிளகாய் மாதிரி தோட்டப் பயிருக்கு 5 சதவீதம். மிச்சத்தை அரசுகள் கட்டுது. இதுல பலருக்குத் தெரியாத மூணு விஷயம்:

ஒண்ணு, நெல்லுக்கு இழப்பைக் கணக்கிடுறது உங்க வயலை வச்சு இல்ல. கிராம அளவுல சில வயல்கள்ல அறுவடைச் சோதனை பண்ணி, சராசரி விளைச்சல் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்ப்பாங்க. உங்க வயல் மட்டும் கருகி ஊர் சராசரி தப்பிச்சிட்டா பணம் வராது.

ரெண்டு, மழை இல்லாம விதைக்கவே முடியாமப் போனாலும் இழப்பீடு உண்டு. அந்தப் பகுதியில 75 சதவீதத்துக்கு மேல விதைக்க முடியலைன்னா, காப்பீட்டுத் தொகையில 25 சதவீதம் கொடுத்து அந்தப் பருவக் காப்பீட்டை முடிச்சிடுவாங்க.

மூணு, அறுத்து வயல்ல காயப்போட்ட பயிர், அறுத்த 14 நாளுக்குள்ள காலம் தப்பின மழையில கெட்டுப் போனா, அது உங்க வயலை மட்டும் வச்சே பார்க்கப்படும். ஆனா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். இது தெரியாததாலயே பணம் வராமப் போனவங்க இருக்காங்க.

அதோட, பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்கிறது, குத்தகைக்கு எழுத்து இல்லாதது, அடங்கல்ல பயிர் பேர் தப்பா இருக்கிறது, இந்த மாதிரி காகிதச் சிக்கல்ல மாட்டுறது பெரும்பாலும் சின்ன விவசாயிங்கதான்.

கடலுக்கு அந்தப் பக்கம்

ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில மன்னார். அங்கே கடல்ல சேர்ற அருவி ஆற்றைச் சிங்களத்துல மல்வத்து ஓயான்னு சொல்வாங்க. அந்தப் படுகையிலயும் நம்ம மாதிரியே குளங்கள் சங்கிலியா இருக்கு. 'எல்லங்கா'ன்னு அதுக்குப் பேர். ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பு அதை உலக வேளாண் மரபாவே அங்கீகரிச்சிருக்கு. 2016-ல பசுமைப் பருவநிலை நிதியம், வறண்ட மண்டலச் சிறு விவசாயிகளுக்காக இந்த ஆறு உட்பட மூணு படுகைகள்ல ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதுல குளத்தைத் தனித்தனியா எடுத்துக்காம, சங்கிலி முழுசையும் ஒரே அமைப்பாச் சீர்செய்யுற மாதிரி வகுத்தாங்க. கூடவே குடிநீர், விவசாயிக்குப் புரியுற வானிலைத் தகவல் எல்லாம் சேர்த்து. நமக்கும் இதுல பாடம் இருக்கு. ஒரு கண்மாயை மட்டும் தூர்வாரி, மேல் கண்மாயோட கலுங்கை விட்டுட்டா, கீழே இருக்கிறவனுக்குத் தண்ணி வராது.

நாம என்ன செய்யலாம்?

பெருசா ஒண்ணும் வேண்டாம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப இதுல ஏதாவது ஒண்ணு:

1. சம்பா நெல் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வழக்கமா நவம்பர் மாத நடுவுல வரும், தீபாவளியை ஒட்டி. அந்த வருஷத் தேதியைப் பார்த்து, வீட்டுலயும் பக்கத்து வீட்டுலயும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் சரியா இருக்கான்னு பாருங்க. பதிவு ரசீதை போட்டோ எடுத்து வைங்க.
2. சிவில் மக்களே, சர்வே லேப்ல கத்துக்கிட்ட லெவலிங்கை உங்க ஊர் வரத்துக்கால்ல பண்ணிப் பாருங்க. எங்க மேடு தட்டுதுன்னு ஒரு வரைபடம் போட்டுக் கிராம சபையில கொடுங்க.
3. பண்ணைக்குட்டைக் கணக்கை உங்க நிலத்து அளவுக்குப் போட்டு, வீட்டுல பேப்பர்ல காட்டுங்க.
4. கடலோர ஊரா? கிணத்துத் தண்ணியோட உப்புத்தன்மையை மாசம் ஒரு தடவை அளந்து எழுதி வைங்க. நம்ம லேப் மீட்டரே போதும்.

எங்க சென்சார் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? பெரியப்பாகிட்ட இந்தக் குட்டைக் கணக்கைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேப்பரைப் பார்த்துட்டு, "தெக்குமூலை பள்ளமாத்தான் கிடக்கு, அங்க வெட்டலாமா?"ன்னு கேட்டார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கோம். குட்டை வந்துட்டா, அந்த ஒரு தண்ணியை என்னைக்கு விடணும்னு சொல்ல சென்சாரையும் குத்தி வைக்கச் சம்மதிச்சிருக்கார். அதுக்கு முன்னாடி வேண்டாமாம்!